ஆர்வத்துக்கு என்ன அத்தாட்சி?

எங்கள் ஊரில் யாரும் யாரையும் பார்த்து "உனக்கு நெசவில் ஆர்வம் உண்டா?" என்று கேட்டதில்லை. தறி இருக்கிற வீட்டில் பிறந்தால் தறி வேலை தெரியும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவுக்குத் தார் சுற்றித் தருவோம். பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போடுவோம். கொஞ்சம் கால் எட்டியதும் மிதியில் கால் வைத்துப் பார்ப்போம். எங்கள் தெருவில் கேட்கிற கேள்விகள் வேறு. "எவ்ளோ ஏறியிருக்குது?", "ஜரிகை வந்துச்சா?", "கூலி போட்டாங்களா?"

போன வருஷம்தான் முதல் தடவையாக ஒரு தாள் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டது. ஜப்பானில் ஒரு வருஷம் தங்கி நெசவு கற்றுக்கொள்வதற்கான விண்ணப்பம். இதை ஏன் கற்க விரும்புகிறீர்கள், இந்தத் துறையில் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள், அதற்கு என்ன ஆதாரம். மூன்றாவது கேள்வியில் நான் நின்றுவிட்டேன். அங்கே நின்றபோது யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரணமல்லூர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊர் பெயரிலேயே சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 மறுசீரமைப்பில் அது போய்விட்டது. ஊர் பெயர் தெரியாதவர்களுக்கும் ஆரணிப் பட்டு தெரியும். புவிசார் குறியீடு வாங்கிய புடவை. எங்கள் வீட்டில் குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. மேலே ஜக்கார்டு பெட்டி, அதில் ஓட்டை போட்ட அட்டைகள். அப்பா கூலிக்கு நெய்கிறார். பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளியிடமிருந்து வரும், புடவை அவரிடமே போகும். நான் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வார விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் தறியில் உட்காருவேன்.

ஜப்பான் எப்படி உள்ளே வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அனிமே பார்த்து வந்த ஆசை என்றுதான் தோழிகள் நினைத்தார்கள். உண்மையில் ஒரு தறியின் படத்தைப் பார்த்து வந்தது. யூக்கி ட்சுமுகி என்று ஒரு பட்டு. டோக்கியோவுக்கு வடக்கே யூக்கி என்ற ஊரிலும் அதன் சுற்றுப்பகுதியிலும் நெய்கிறார்கள். 1956-ல் ஜப்பான் அரசு அதை முக்கியமான கலாச்சாரச் சொத்தாக அறிவித்தது. 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பட்டுக்கூட்டைப் பஞ்சு மாதிரி விரித்து, அதிலிருந்து கையாலேயே நூலை இழுக்கிறார்கள். முறுக்கு கிடையாது. அதை நெய்கிற தறியைப் பார்த்தபோதுதான் கண் நின்றது. பாவின் ஒரு முனை தறியில் இருக்கிறது, இன்னொரு முனை நெய்கிறவரின் இடுப்பில். ஒரு பட்டையைப் போட்டு இடுப்போடு கட்டிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும்.

எங்கள் தறியில் அந்த வேலையைக் கயிறும் கட்டையும் செய்கின்றன. நெய்கிறவர் எழுந்து போய் காபி குடித்துவிட்டு வந்தாலும் பாவு இழுத்தபடியே நிற்கும். அங்கே நெய்கிறவரே தறியில் ஒரு பாகம். ஒரு பட்டுநூலை ஒரு உடம்பு நாள் முழுக்க ஒரே அளவில் இழுத்துப் பிடிப்பது எப்படி? இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது. இதற்குப் பெயர்தான் ஆர்வம் என்றால், இருந்தது. ஆனால் தாளில் எழுதும்போது அது ஒன்றரை வரிதான் வந்தது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். ஜப்பானில் "கலாச்சாரச் செயல்பாடுகள்" என்று ஒரு தங்கும் தகுதி உண்டு. கல்லூரியில் சேர்கிறவர்களுக்கான மாணவர் விசா வேறு, இது வேறு. ஜப்பானுக்கே உரிய ஒரு கலையையோ கைத்திறனையோ ஆராய்கிறவர், அல்லது அதில் தேர்ந்த ஒருவரிடம் நேரில் கற்கிறவர் இதில் போகலாம். பூ அலங்காரம், தேநீர்ச் சடங்கு, ஜூடோ, ஓவியம், நாட்டியம், கட்டடக் கலை, சமையல் என்று உதாரணம் தருகிறார்கள். மூன்று மாதத்திலிருந்து மூன்று வருஷம்வரை தருவார்கள். முதலில் அங்கே இருப்பவர் மூலமாக அந்த ஊர் குடிவரவு அலுவலகத்தில் ஒரு தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைத்த மூன்று மாதத்துக்குள் விசா வாங்கிக் கிளம்பிவிட வேண்டும்.

அந்தச் சான்றுக்குக் கேட்கிறவற்றை நான்காகப் பிரிக்கலாம். என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு காலம். சொல்லித்தருகிறவர் யார், அவருக்கு என்ன தகுதி. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் எங்கிருந்து வரும். கடைசியாக, நீங்கள் இதில் ஏற்கெனவே ஈடுபட்டவர் என்பதற்கு என்ன ஆதாரம்: படிப்புச் சான்று, வேலைச் சான்று, அமைப்புகளின் பரிந்துரை, பத்திரிகைச் செய்தி, பரிசு, செய்த வேலைகளின் பட்டியல். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு நிபந்தனை. இதில் வருகிறவர் சம்பாதிக்கக் கூடாது. தனியாக அனுமதி வாங்காமல் கூலிக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது.

இந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. 1993-ல் ஜப்பான் ஒரு தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. வளரும் நாடுகளிலிருந்து இளைஞர்கள் வந்து தொழில் கற்றுக்கொண்டு திரும்பிப் போவார்கள் என்று காகிதத்தில் இருந்தது. நடந்ததோ வேறு. தையல் கூடங்களிலும் பண்ணைகளிலும் கட்டட வேலையிலும் "பயிற்சியாளர்" என்ற பெயரில் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தார்கள். கூலி பாக்கி, மிரட்டல், ஓடிப்போனவர்கள் என்று முப்பது வருஷமாகப் புகார்கள். கடைசியில் 2024-ல் அந்தத் திட்டத்தையே மாற்றச் சட்டம் போட்டார்கள்; புதியது 2027-ல் வருகிறது. கற்கிறேன் என்ற சொல்லுக்குப் பின்னால் கூலி வேலை ஒளிந்திருந்ததைப் பார்த்த நாடு அது. அங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் "இவள் கற்க வருகிறாளா, பிழைக்க வருகிறாளா?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

என் சிக்கல் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. கற்பதும் பிழைப்பதும் இரண்டு வேலை என்று அது எடுத்துக்கொள்கிறது. எங்கள் தெருவில் அவை ஒரே வேலை.

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் வார இறுதிப் பட்டறைகளில் மேசைத்தறி கற்றவர். நல்ல கை. அவரிடம் ஆறு சான்றிதழ்கள், ஒரு கண்காட்சியின் துண்டறிக்கை, ஒரு பேட்டி எல்லாம் உண்டு. அவருக்குச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வருவதால் நெசவு அவருக்குக் கலாச்சாரம். காகிதம் அவரைச் சுலபமாகப் புரிந்துகொள்ளும். நாற்பது வருஷம் நெய்த என் அப்பாவிடம் இருப்பது ஒரு நெசவாளர் அடையாள அட்டையும், சங்கத்தில் வரவு வைத்த ஒரு பழைய புத்தகமும். அம்மா பெயரில் அதுவும் இல்லை. 2019-20-ல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். ஆனாலும் எங்கள் பக்கத்தில் புடவை அப்பா நெய்தது என்றுதான் பேச்சு. தார் சுற்றியது, பாவு புணைத்தது, அறுந்ததைக் கட்டியது எல்லாம் வீட்டு வேலையில் சேர்ந்துவிடும். அம்மாவுக்கே காகிதம் இல்லாதபோது, மகள் வார விடுமுறையில் நெய்ததற்கு எங்கே போவது?

ஆரணியில் ஒரு ஏஜென்ட்டிடம் விசாரித்தேன். அவர் ரொம்ப உதவியாகத்தான் பேசினார். "லெட்டர்லாம் ரெடிமேடா இருக்குது மேடம், பேரு மட்டும் மாத்திக்கலாம்" என்று ஒன்றைக் காட்டினார். சின்ன வயதிலிருந்தே ஜப்பானியக் கலாச்சாரத்தின்மேல் தீராத காதல், செர்ரிப் பூக்கள், பணிவு, ஒழுக்கம், இரு நாட்டு நட்புக்குப் பாலமாக இருப்பேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் தறி என்ற சொல்லே இல்லை. எந்த ஊர்க்காரரும் எந்த நாட்டுக்கும் அனுப்பக்கூடிய கடிதம். யாருக்கும் பொருந்துகிற ஆர்வத்தை யாருடைய ஆர்வம் என்று சொல்வது?

அப்போதுதான் வேறு பக்கமாக யோசித்தேன். நம்மிடம் கற்க வந்தவர்களை நாம் எப்படி நம்பினோம்? ஜான் ஹிக்கின்ஸ் ஞாபகம் வந்தார். அமெரிக்கர். 1960-களில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்து, பாலசரஸ்வதியின் சகோதரர் டி. விஸ்வநாதனிடம் பாட்டு கற்றார். உதவித்தொகைக்கு அவரும் ஏதோ ஒரு காரணக் கடிதம் எழுதியிருப்பார். ஊர் நம்பியது அதைப் படித்து இல்லை. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் பாடினார். இந்தியர் அல்லாத ஒருவர் அங்கே பாடுவது அதுவே முதல் தடவை என்பார்கள். கேட்டவர்கள் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் ஆக்கினார்கள். பாகவதர் பட்டத்தை எந்த அலுவலகமும் தரவில்லை, காது தந்தது.

ஆனால் ஹிக்கின்ஸ் கதை எனக்குப் பாதிதான் உதவியது. அவருக்குக் கர்நாடக சங்கீதம் சோறு போட வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது பிழைப்புக்காகவே கற்கப் போனவர்களின் கதை. அது எங்கள் தறிக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கியோட்டோவில் நிஷிஜின் என்ற நெசவாளர் பகுதி. அரசவைக்கும் பிரபுக்களுக்கும் பட்டு நெய்தவர்கள். 1869-ல் பேரரசர் டோக்கியோவுக்குப் போய்விட்டார். வாங்குகிறவர்கள் போய்விட்டார்கள், தறிகள் நின்றன. 1872-ல் கியோட்டோ நிர்வாகம் மூன்று பேரைப் பிரான்ஸின் லியோன் நகருக்கு அனுப்பியது: சகுரா ட்சுனேஷிச்சி, இனோவே இஹேய், யோஷிடா ச்சூஷிச்சி. அங்கே ஜோசஃப் மரி ஜக்கார்டின் பெயர் தாங்கிய கருவி இருந்தது. ஓட்டை போட்ட அட்டைகள் எந்த இழை மேலே எழ வேண்டும் என்று சொல்லும். சகுராவும் இனோவேயும் மறு வருஷம் கருவிகளோடு திரும்பினார்கள். யோஷிடா இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டு வருகிறேன் என்று தங்கினார். 1874-ல் அவர் திரும்பி வந்த நீல் என்ற பிரெஞ்சுக் கப்பல் இசு கடற்கரைக்குப் பக்கத்தில் மூழ்கியது. ஜப்பான் கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை வந்து அவர் இறந்துபோனார்.

அந்த மூன்று பேரை ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தி, "நீங்கள் வந்திருப்பது பிரெஞ்சுக் கலாச்சாரத்தின்மேல் உள்ள ஆர்வத்தாலா, பிழைப்புக்காகவா?" என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்? ஊரில் தறி நின்றுவிட்டது, அதனால் வந்தோம் என்றுதான். அது முழு உண்மை. யோஷிடா இன்னும் கொஞ்சம் கற்க வேண்டும் என்று தங்கியதும் முழு உண்மை. பிழைப்பு அவரைக் கப்பல் ஏற்றியது. தங்க வைத்தது வேறு ஏதோ. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன. ஜப்பான் தன் நெசவு வரலாற்றில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பயணமே பிழைப்புக்காகப் போனவர்களுடையது. அவர்கள் தேடிப்போன அதே கருவிதான் வேறு வழியில் வந்து எங்கள் வீட்டுத் தறியின் மேலும் உட்கார்ந்திருக்கிறது.

இதைப் படித்த பிறகு என் தாளில் எதை எழுதுவது என்று தெரிந்தது. தறி எங்களுக்குப் பிழைப்பு என்பதை மறைக்க வேண்டியதில்லை, அதையே ஆதாரமாக வைக்கலாம். அப்பாவின் அட்டை, சங்கப் புத்தகத்தின் நகல், எங்கள் வீதியில் மூன்று தலைமுறையாகத் தறி ஓடுகிறது என்று சங்கம் தந்த கடிதம். வீட்டுத் தறியில் நான் உட்கார்ந்திருக்கும் படங்கள், நான் நெய்த பாகங்களின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் தேதி. பணத்துக்கு, நான்கு வருஷச் சம்பளத்தில் சேர்த்த சேமிப்பின் வங்கிக் கணக்கு. திடீரென்று வந்து விழுந்த தொகை எதுவும் அதில் இல்லை. சம்பாதிக்க மாட்டேன் என்பதற்கு ஒரு பத்தி எழுதினேன்: "அங்கே கூலிக்கு உட்கார்ந்தால் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் வேகமாகச் செய்வேன். தெரியாததைக் கற்க மெதுவாகச் செய்ய வேண்டும். மெதுவாகச் செய்வதற்கு ஒருவரும் கூலி தரமாட்டார்கள். அதனால்தான் சேமித்துக்கொண்டு வருகிறேன்."

சொல்லித்தர ஆள் கிடைத்தது தனிக் கதை. அந்தப் பகுதி நெசவாளர் ஒருவருக்கு இரண்டு தடவை மரியாதையாக எழுதினேன். உங்கள் கலை அற்புதம், கற்க ஆசை. பதிலே இல்லை. மூன்றாவது தடவை ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "உங்கள் நூலில் முறுக்கு இல்லையே, அச்சில் உரசும்போது பிசிறாதா? நாங்கள் முறுக்கிய பட்டிலேயே பிசிறு எடுத்துக்கொண்டிருக்கிறோம்." நான்கு நாளில் பதில் வந்தது, நீளமாக. கோதுமை மாவுப் பசையை நூலுக்குக் கொடுத்துக் காயவைப்பது, நெய்து முடித்த பிறகு அந்தப் பசையைக் கழுவி எடுப்பது, துணி வருஷம் போகப்போக மெத்தென்று ஆவது. மொழிபெயர்ப்புக் கருவி வழியாகப் படித்தாலும் கஞ்சி போடுகிற பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சாகவே இருந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அங்கயும் கஞ்சிதானா? அப்ப நீ பொழச்சிக்குவ" என்றாள்.

விண்ணப்பிக்க நினைக்கிறவர்கள் என்னிடம் வழி கேட்டால் இதைத்தான் சொல்வேன். உள்ளே இருக்கிற ஆளுக்கு மட்டும் தோன்றுகிற கேள்வி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். புகழ்ச்சியை யாரும் எழுதிவிடலாம். தேநீர்ச் சடங்கு கற்கப் போகிறவர் தண்ணீரின் சூட்டைப் பற்றிக் கேட்கட்டும், தச்சு கற்கிறவர் மரத்தின் ரேகையைப் பற்றிக் கேட்கட்டும். அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் மாத வாரியான திட்டமும் எழும். என் திட்டத்தில் முதல் இரண்டு மாதம் நூல் இழுப்பது மட்டும். மூன்றாவது மாதம் பசை. நான்காவது மாதம்தான் தறி. "இவ்வளவு மெதுவாகவா?" என்று தோழி கேட்டாள். வேலை தெரிந்த யாராவது அந்தத் தாளைப் படித்தால், மெதுவாக இருப்பதைப் பார்த்துத்தான் நம்புவார்கள்.

கடைசியாக ஒன்று செய்தேன், தாளில் யாரும் கேட்காதது. மிச்சம் விழுந்த பாவில் கொஞ்சம் எடுத்து, ஒரு முனையைத் திண்ணைத் தூணில் கட்டினேன். மறு முனையை ஒரு கட்டையில் சுற்றி, அப்பாவின் பழைய வேட்டியை மடித்துப் பட்டையாக்கி இடுப்பில் கட்டிக்கொண்டேன். மூன்று வார விடுமுறைகளில் இரண்டு முழம் நெய்தேன். முதுகு ஒடிந்துபோனது. துணியில் அங்கங்கே குறுக்குக் கோடு. ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் தளர்ச்சி. அதையும் படம் எடுத்துச் சேர்த்தேன். நேர்த்தியாக இல்லாத அந்தத் துண்டு, மற்ற எல்லாத் தாளையும்விட என்னைப் பற்றி அதிகம் சொல்லும் என்று நினைக்கிறேன்.

தாள்கள் இப்போது அங்கே போய்விட்டன. பதில் வர ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். கிடைக்காமலும் போகலாம். அலுவலகத்துக்குத் தெரிகிற ஆதாரமும், தறிக்குத் தெரிகிற ஆதாரமும் எல்லா நேரமும் ஒன்றாக வந்துவிடாது.

போன ஞாயிறு அப்பா அந்த இரண்டு முழத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இத்தனை மாதத்தில் ஜப்பானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவர், அந்தக் கோடுகளில் விரலை வைத்தார். "இங்கல்லாம் நீ எழுந்து போயிருக்கிற, இல்ல பாப்பா?"

ஆமாம் என்றேன்.

"இடுப்புலருந்து அவுத்துட்டுப் போய்ட்டு, திரும்பி வந்து கட்டுறப்ப பழைய இழுப்பு எப்டி வரும்? அவங்க இன்னா பண்றாங்க?"

நாற்பது வருஷத்தில் அவர் இன்னொரு ஊர்த் தறியைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "போனா கேட்டுக்கினு வரேம்பா" என்றேன். அன்று ராத்திரி அங்கே இருக்கும் நெசவாளருக்கு எழுதும்போது, என் கேள்விகளுக்குக் கீழே அவருடையதையும் சேர்த்தேன். "இது என் அப்பா கேட்பது" என்று தனியாகக் குறிப்பிட்டேன்.